லோனாவளா தூரத்தில் துபாய்

விமானம் மேலே ஏறியதிலிருந்து லியோனார்ட் தன் மனைவி பெட்டியின் இடது மணிக்கட்டை விடவே இல்லை.

அன்பெல்லாம் ஒன்றுமில்லை. அந்தக் கையில்தான் கடிகாரம் இருந்தது.

புனேயிலிருந்து துபாய் ஒன்றரை மணி நேரம் என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தார். சான்றுக்கு டிக்கெட்டையும் காட்டினார். பத்து மணிக்குக் கிளம்பிப் பதினொன்றரைக்கு இறங்குகிறது. துபாய்க் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிற சங்கதியை மட்டும் சொல்லவில்லை. டிக்கெட்டே சொல்லாததை அவர் ஏன் சொல்ல வேண்டும்?

“லோக்கல் ரயில்ல லோனாவளா போற நேரம்தாம்டி. நடுவுல ஒரு கடல் வரும், அவ்வளவுதான்.”

அவருக்கும் வேறு வழி இல்லை. ஞாயிற்றுக்கிழமை பேத்திக்கு ஞானஸ்நானம். குழந்தை பிறந்தபோது மகன் ஜோபின் அனுப்பிய டிக்கெட்டை, பெட்டி பயப்படுவாளே என்று இவர்தான் ரத்து செய்ய வைத்தார். அப்போது வாயே திறக்காதவள், இந்த முறை தானாகவே சொல்லிவிட்டாள்: லோனாவளா போகிற நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம்கூட ஆகாயத்தில் உட்கார மாட்டாளாம், உயிர் போய்விடுமாம்.

ராணுவக் கணக்கு அலுவலகத்தில் இருந்த நாளில், பைலட் டீ குடிக்க எழுந்து போனபோது விமானத்தைப் பிடித்துக்கொண்டது தான்தான் என்று புனே கேம்ப் பகுதி முழுக்கச் சொல்லி வைத்திருக்கும் மனிதர் அவர். ஒரு பெண்பிள்ளையின் பயத்தைச் சமாளிக்க முடியாதா?

கடலைப் பார்த்தால் மிரளுவாள் என்று ஜன்னல் மூடியை இறக்கினார்.

சாப்பாடு வந்தால் நேரம் தெரிந்துவிடும் என்று தட்டைத் திருப்பி அனுப்பினார். இரண்டு தட்டையும்.

விமானம் குலுங்கியபோது கண்ணை இறுக மூடிக்கொண்டார். தூங்குகிற புருஷனைப் பார்த்தால் எந்தப் பெண்டாட்டிக்கும் தைரியம் வரும்.

சட்டை நனைந்திருந்ததற்குக் காரணம், ஏசி சரியில்லை.

இத்தனையும் யோசித்தவர் அவளுடைய வலது கையை மறந்துவிட்டார். அதில் செபமாலை இருந்தது.

பெட்டி எந்தப் பயணத்தையும் செபமாலையால்தான் அளப்பாள். தளேகாவ் ஸ்டேஷன் இரண்டு சுற்று. லோனாவளா நான்கு. ரயில் தாமதம் என்பதை ஸ்டேஷன் மைக்குக்கு முன்பே அறிவிக்கிறவள்.

விமானம் தாழ இறங்கும்போது அவள் சிலுவையை முத்தமிட்டாள்.

“ஒம்பது சுத்து ஆச்சுங்க. உங்க லோனாவளா இன்னும் வரலையே?”

லியோனார்ட் கண்ணைத் திறக்கவில்லை. “மேல குளிர்ல, வேகமா சொல்லியிருப்ப.”

“இருக்கும், இருக்கும்” என்றாள்.

சக்கரம் தரையில் பட்டது. வண்டி ஓடி ஓடி நின்றது. லியோனார்ட் ஒரு வழியாகப் பிடியை விட்டார். அவள் மணிக்கட்டில் கடிகாரம் அழுந்திய இடம் சிவந்து கிடந்தது. அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. போனை எடுத்து மகனைக் கூப்பிட்டாள்.

“உங்கப்பாவைக் கொண்டு வந்து சேர்த்துட்டேன்டா. நீ கவலைப்படாத, திரும்பி வர்றப்பவும் எனக்குப் பயமாத்தான் இருக்கும்.”