சம்மதத்தோடு எடுத்த படங்கள்

“இந்தப் படங்கள்ல ஒருத்தியக் கூப்பிட்டு எங்களோட கதைக்க விடுங்க, தங்கச்சி. ஒருத்தி போதும்” என்றார் பாக்கியராசா.

முகத்திரைக்கு மேலே தெரிந்த ஸுஹைறாவின் கண்கள், மேசையில் கிடந்த தன் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தன. அதில் ஒரு மணப்பெண் தங்கநிற இமைகளைத் தாழ்த்தி, மெரூன் முக்காட்டுக்குள் நாணிக்கொண்டிருந்தாள்.

கடற்கரையோரச் சனசமூக நிலையத்தின் அந்த அறையில் மேனுஜா தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, குடிக்காமலே மூடினாள். அழகுக்கலைக்கான என்.வி.கியூ. என்ற அரசாங்கத் தொழிற்தகைமைச் சான்றிதழுக்கு ஆட்களை மதிப்பிடுவது அவள் வேலை. பாக்கியராசா கூடவரும் அதிகாரி. வகுப்புக்குப் போகாமல் தொழிலிலேயே பழகியவர்கள், தாங்கள் செய்த அலங்காரங்களின் படங்களை ஆதாரமாகக் காட்ட வேண்டும். அது சரியென்றால்தான் செய்முறைப் பரீட்சை. சாய்ந்தமருதில் வீட்டு முன்னறையில் பார்லர் நடத்துகிறவள் ஸுஹைறா. சான்றிதழ் இல்லாத பார்லருக்கு வருகிற வருஷம் அனுமதி கிடையாது.

“எல்லாம் நான் செஞ்ச மேக்கப்தான், மிஸ். வல்லாஹி, சத்தியமா.”

“அப்ப பேரைச் சொல்லுங்க. இந்த மெரூன் ஆர்?”

“சொல்ல ஏலா மிஸ்.”

“இந்தப் பச்சை?”

“அதுவும் ஏலா.”

பாக்கியராசா சிரித்தார். “பேரில்லாத ஊரில கலியாணம் நடந்திருக்கு, மிஸ்.” படத்தின் மேல் இரண்டு விரல்களை வைத்து விரித்தார். உதடுகள் பெரிதாகின. பிறகு மூக்கு. “இந்தப் பிள்ளைக்கு நல்ல மூக்கு.” அடுத்த படத்துக்குத் தள்ளினார். “இவ கொஞ்சம் வயசாளி. ரெண்டாங் கலியாணம் போல. எவ்வளவு பூசியும் கன்னம் விழுந்துதான் கிடக்கு. ஏன் தங்கச்சி, ஒருத்தியும் எங்களைப் பாக்கிறாளில்ல?”

“வெக்கம் சேர்.”

ஸுஹைறாவின் கை அபாயா அங்கியின் மடிப்பை இறுகப் பற்றிக்கொண்டது. குற்றம் செய்த கைதான் அப்படிப் பற்றும் என்று மேனுஜாவுக்குத் தோன்றியது. தோன்றிய உடனேயே தன்மீது ஒரு வெறுப்பும் வந்தது.

முன்பு அவள் இப்படி இல்லை. போன தடவை வேறோர் ஊரில் ஒரு பெண் அழுதுகொண்டே படங்களைக் காட்டினாள். அந்த அழுகையை நம்பி மேனுஜா கையெழுத்துப் போட்டாள். பார்த்தால், எல்லாம் இணையத்தில் யாரோ போட்ட படங்கள். மேலதிகாரியின் முன்னால் நின்று திட்டு வாங்கிய அன்றிலிருந்து, மனதில் இரக்கம் எழும்போதெல்லாம் பயமும் கூடவே எழுந்து நின்றது. இந்தப் பெண்ணின் முகமாவது தெரிந்தால் எதையாவது வாசித்துக்கொள்ளலாம். குனிந்த கண்களை மட்டும் வைத்துக்கொண்டு என்ன முடிவெடுப்பது?

“ஸுஹைறா, நான் பக்கத்துக் காரைதீவுதான். உங்கட ஊர் வழக்கம் எனக்கும் தெரியும்.” குரல் அவள் நினைத்ததைவிடக் கடுமையாக வந்தது. “பொண்ணுட முகத்தைப் படமெடுக்க ஒரு வீட்டிலயும் விடமாட்டாங்க. சோடிக்கப் போறவட போனை வாசல்லயே வாங்கி வச்சிருவாங்க. உங்களுக்கு மட்டும் இவ்வளவு பேர் எப்பிடி விட்டாங்க?”

“சம்மதத்தோடதான் எடுத்த, மிஸ்.”

“படமெடுக்கச் சம்மதம், பேர் சொல்லப் பயமா?” என்றார் பாக்கியராசா.

“புருஷனுக்குத் தெரியா, சேர். தெரிஞ்சா என்ன நடக்குமெண்டு அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.”

“இத்தனை பொண்ணுல எவட புருஷனுக்கு?”

ஸுஹைறா கைப்பேசியைத் தன் பக்கம் இழுத்துக் கவிழ்த்து வைத்தாள். மேனுஜாவுக்கு அது போதுமாக இருந்தது. பேனாவை எடுத்தாள்.

“நான் இதை ஏற்க மாட்டன். களவெடுத்த படமெண்டு எழுதினா, பிறகு நீங்க விண்ணப்பிக்கவும் ஏலாது.”

“எழுதிராதீங்க மிஸ்!” ஸுஹைறா எழுந்தேவிட்டாள். “அந்த முன்னறைக்குள்ள மட்டுந்தான் நான் ஒரு ஆள். அது போனா மறுகா அடுப்படிதான் எனக்கு.”

“அப்ப ஒரு பொண்ணைக் காட்டுங்க.”

நீண்ட மூச்சொன்று முகத்திரையை அசைத்தது.

“காட்டுறன். சேர் மட்டும் கொஞ்சம் வெளிய போனா…”

“ஆ, இப்ப வழிக்கு வாறா!” பாக்கியராசா கதிரையைத் தள்ளி எழுந்தார். “ஆளைப் பின்பக்கம் ஒளிச்சு வச்சிக்கொண்டா இவ்வளவு நேரமும் எங்களை வதைச்ச நீங்க? நான் ஒரு பிளேன்டி குடிச்சிட்டு வாறன். மிஸ், அந்த மெரூன் வந்தா நல்லாப் பாத்துக்கொள்ளுங்க. அவதான் எல்லாரிலயும் வடிவு.”

அவர் வெளியேறினார். மேனுஜா பின்கதவைப் பார்த்தபடி இருந்தாள். இவ்வளவு பயந்த ஒருத்தி எப்படி உள்ளே வருவாள், என்ன கேட்டு அவளைப் பேசவைப்பது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள். கடற்காற்று கதவை ஒருமுறை ஆட்டியது. யாரும் வரவில்லை. இவளிடமும் ஏமாந்துவிட்டோம் என்று நெஞ்சு கொதிக்க, திரும்பினாள்.

ஸுஹைறா முன்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து, முகத்திரையை மேலே தூக்கியிருந்தாள். பவுடர்கூடத் தொடாத, மங்கு படர்ந்த, களைத்த முகம்.

“ஒரு பொண்ணும் படமெடுக்க முகம் தரல்ல, மிஸ். மெரூனும் பச்சையும் அந்த வயசாளியும் நான்தான். சேருக்கு மட்டும் சொல்லிராதீங்க, இவ்வளவு நேரமும் அவர் பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்தது என்னைத்தான்.”