ஒன்று விடாமல்

ஊசி ஊசியாக வந்திருக்க வேண்டிய மாங்கனீஸ் ஆக்சைடு, நுண்ணோக்கித் திரையில் நந்தியாவட்டைப் பூவாக விரிந்து கிடந்தது. நிறைமதி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் தோன்றவில்லை. அன்று ஓவனைப் போட்ட கையோடு ஊரிலிருந்து போன் வந்தது. போட்டது போட்டபடி ஓடினாள். தம்பியை அடக்கம் செய்துவிட்டு நான்காம் நாள் ஆய்வகத்துக்குத் திரும்பியபோது, பன்னிரண்டு மணி நேரத்தில் அணைத்திருக்க வேண்டிய ஓவன் இன்னும் சூடாக ஓடிக்கொண்டிருந்தது.

கொட்டிவிடப் போன பொடியை, எதற்கும் பார்ப்போமென்று மின்முனையில் பூசித் தண்ணீரில் இறக்கினாள். தண்ணீரைப் பிரிக்க ஊசிகள் திணறித் திணறிச் செய்த வேலையைப் பூக்கள் குறைந்த மின்னழுத்தத்திலேயே செய்தன. ஆக்சிஜன் குமிழிகள் பொங்கிப் பொங்கி வந்தன. பொருள் அதேதான், உருவம்தான் வேறு.

“எழுபத்திரண்டு மணி நேரம் வைக்கணும்னு எப்படிம்மா தோணுச்சு?” என்றார் பேராசிரியர் சத்தியசீலன்.

“தோணல சார். அணைக்க மறந்துட்டேன்.”

அவர் அவளுடைய குறிப்பேட்டைப் புரட்டினார். “ஒரு தடவை வந்தா யாரும் ஒத்துக்க மாட்டாங்கம்மா. அன்னைக்கு செஞ்ச மாதிரியே, ஒண்ணு விடாம, இன்னொரு தடவை செஞ்சிடுங்க.”

“சரி சார்.”

மறுநாள் குறிப்பேட்டைப் பார்த்துப் பார்த்து எடை போட்டாள், கரைத்தாள், எஃகுக் குடுவையை இறுக்கி மூடினாள். பதினொன்று இருபதுக்கு ஓவனைப் போட்டாள். குறிப்பு அதோடு நின்றிருந்தது. அடுத்து என்ன செய்தோம் என்று யோசித்தாள். பிறகு போனை எடுத்து மேசைமேல் வைத்து, அது அடிப்பதற்காகக் காத்திருந்தாள்.