ஆறாவது படம்

ஐந்து படங்களுக்கும் அவள் தெரியாது என்று தலையாட்டிவிட்டாள்.

அது உண்மை. அந்த ஐந்து முகங்களையும் அவள் கண்டதேயில்லை.

பொலிஸ் அதிகாரி ஆறாவது படத்தை மேசையில் வைத்தார்.

அவனேதான்.

எல்லைக் காட்டுக்குள்ளால் அவர்களைக் கூட்டிவந்தவன். காசு வாங்கி ஆட்களை எல்லை கடத்தும் ஏஜென்சிக்காரனின் ஆள். பெயர் தெரியாது, பாஷையும் தெரியாது. கால் பிசகி விழுந்த ஒரு மனிதரை அங்கேயே விட்டுவிட்டு நடக்கச் சொன்ன பாவி.

அதே பாவிதான் ஆறு குறுக்கிட்டபோது அவள் மகள் யதுசாவைத் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டான். நெஞ்சளவு தண்ணீர். மார்கழிக் குளிர். கரையேறியதும் பிள்ளையின் பாதங்களைத் தன் சட்டைக்குள் விட்டு, வயிற்றோடு அணைத்துச் சூடேற்றினான். பெற்ற தகப்பன்கூட அப்படிச் செய்திருப்பானோ என்னவோ.

தெரியும் என்றால் அவனுக்குச் சிறை.

எதிரே இருந்த மொழிபெயர்ப்பாளர் ஐம்பது வயது மதிக்கத்தக்க தமிழ்ப் பெண். காலையிலிருந்து ஒருதரம்கூடச் சிரிக்கவில்லை.

"வடிவாப் பாத்துச் சொல்லும், தங்கச்சி. பொய் சொன்னா உம்மடை அகதிக் கேஸுக்குத்தான் கூடாதாம்."

"தெரியாது அக்கா."

சொல்லி வாய் மூடவில்லை. மடியிலிருந்த யதுசா படத்தைக் கண்டுவிட்டாள்.

இரண்டு வயது. முகமெல்லாம் சிரிப்பு. இரண்டு கைகளையும் மேசைக்கு மேலால் நீட்டினாள், தூக்கச் சொல்லி.

அதிகாரி பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். ஏதோ கேட்டார்.

பச்சைப் பிள்ளைக்குப் பொய் சொல்லத் தெரியுமா? அவனும் போனான், அவள் கேஸும் போனது.

மொழிபெயர்ப்பாளர் படத்தைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். பிறகு அதிகாரியிடம் அவருடைய மொழியில் நாலைந்து சொற்கள் சொன்னார்.

எழுந்து, மேசையைச் சுற்றி வந்தார். நீட்டிய அந்தக் கைகளுக்குள் குனிந்து, யதுசாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

அதிகாரி சிரித்தார். ஆறாவது படத்தைக் கவிழ்த்துவிட்டு ஏழாவதை எடுத்தார்.

அவள் அதைப் பார்க்கவேயில்லை. மொழிபெயர்ப்பாளரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா, நீங்கள் இந்த நாட்டுக்கு எப்படி வந்தனீங்கள் என்று கேட்க வாய் உன்னியது.

கேட்கவில்லை.