பொன்னாடை வரிசை

“என்ன கோர்ஸ் மா?” என்று கேட்டார், வரிசை நிறுத்திக்கொண்டிருந்த தேவமலர் அக்கா.

“வரலாறு.”

“செஜாராவா? வேற ஒன்னும் கிடைக்கலையா? சரி, பின்னுக்குப் போய் நில்லு.”

பின்னுக்குப் போனேன். எனக்குப் பின்னால் தண்ணீர் டிரம் ஒன்றுதான் இருந்தது.

மலாக்கா மாநிலத்து ரெம்பியாவில் எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவில், அன்னதானம் முடிந்ததும் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகளுக்கு மேடையில் பொன்னாடை போர்த்துவார்கள். வயதுப்படி வரிசை இல்லை, மதிப்பெண்படியும் இல்லை. மருத்துவம் முதலில். அப்புறம் பல், அப்புறம் மருந்து, பொறியியல், கணக்கியல். சாமி கும்பிடக்கூட இவர்கள் இவ்வளவு ஒழுங்காக வரிசையில் நின்றதில்லை.

முதலில் நின்றவன் புவனேஷ். அவனுக்கு இன்னும் எங்கேயும் இடம் கிடைக்கவில்லை. மருத்துவத்துக்கு விண்ணப்பித்திருக்கிறான், அவ்வளவுதான். விண்ணப்பித்த டாக்டருக்கே இந்த மரியாதை.

என்னுடையது கேட்டு வாங்கிய இடம். விண்ணப்பத்தில் வரலாற்றை முதல் விருப்பமாகப் போட்டு, நேர்முகத் தேர்வில் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் வாங்கினேன். அடுத்த வாரம் போய்ப் பதிய வேண்டும்.

எனக்கு இவர்கள் பொன்னாடை வேண்டாம். ஒரே ஒரு வார்த்தைதான் வேண்டும். மற்ற பிள்ளைகள் படிப்பைச் சொல்வது போல, அந்த மைக்கில், இத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி, “வரலாறு” என்று சொல்ல வேண்டும்.

மைக் கணேஸ்வரனிடம் இருந்தது.

இந்தத் தோட்டத்தில் எது நடந்தாலும் மைக் கணேஸ்வரனிடம்தான் இருக்கும். பிடுங்கினாலும் வராது. காலையில் அவர் மீசைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தபோதே கேட்டுவிட்டேன். “பாத்துக்கலாம் லா” என்றார், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இப்போது பச்சைப் பட்டுச் சட்டையில் முழங்கிக்கொண்டிருந்தார். ஐந்நூறு ஆண்டு வரலாறு கொண்ட ஆலயமாம் இது. போன வருடம் முந்நூறு என்றார். ஒரே வருடத்தில் அம்மனுக்கு இருநூறு வயது கூடிவிட்டது. கூட்டம் கை தட்டியது.

தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் ஒய்.பி. வரவில்லை. அவருடைய உதவியாளர் வந்து, வரலாற்றை மறந்த சமுதாயம் உருப்படாது என்று பேசிவிட்டு உட்கார்ந்தார். கணேஸ்வரன் அதையே இன்னும் கொஞ்சம் சத்தமாக ஒருமுறை சொன்னார். அதற்கும் கை தட்டினார்கள். ஊருக்குத்தான் உபதேசம். வரலாறு படிக்கப் போகிறவள் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் நிற்கிறாள்.

பழைய கோட்டையையும் சிவப்புக் கட்டடத்தையும் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டிச் சோறு தின்கிற ஊர் மலாக்கா. அதில் இருந்துகொண்டு கேட்கிறார்கள், செஜாரா படித்தால் சோறு கிடைக்குமா என்று. இவர்களிடம் நான் என்னத்தைச் சொல்ல?

“வருங்கால டாக்டர் புவனேஷ்! தந்தை திரு. பிச்சைமுத்து! பெற்றோரும் மேடைக்கு வரவும்!”

பிச்சைமுத்து மாமா வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு ஓடினார். மாமி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். ஒரு பொன்னாடை, ஒரு படம்.

அப்படியே ஒவ்வொருவராகப் போனார்கள். பல் டாக்டர் ஒருத்தி, மருந்துக்கு இரண்டு பேர், பொறியியலுக்கு ஒருவன். பெயர், படிப்பு, தகப்பன் பெயர், தாய் தகப்பனோடு ஒரு படம். கணேஸ்வரன் யாருக்கும் எதையும் விடவில்லை. கணக்கியல் படிக்கப் போகிற பெண்ணுக்கு ‘நாளைய நிதி அரசி’ என்று பட்டமே கொடுத்தார்.

என் முறை வந்தது. மைக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். போயும் போயும் இந்த வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தைக்கா என்று எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது. ஆனாலும் காத்திருந்தேன்.

“அடுத்து, மோகனா,” என்றார் கணேஸ்வரன். “பல்கலைக்கழகம் போறாங்க. கை தட்டுங்க.”

அவ்வளவுதான். படிப்பும் இல்லை, தகப்பன் பெயரும் இல்லை.

மேடை ஏறினேன். பொன்னாடை தீர்ந்துபோயிருந்தது. முன்பு உதவியாளருக்குப் போர்த்தியதை அவர் தோளிலிருந்து உருவி, உதறி, எனக்குப் போர்த்தினார்கள். அவருடைய அத்தர் வாசனை என் மேல் ஏறியது. எனக்கு அழுகை வரவில்லை, அருவருப்பாகத்தான் இருந்தது.

யாரும் கூப்பிடாமலேயே அம்மா படியேறி வந்து என் பக்கத்தில் நின்றார். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

படம் எடுக்கிற அண்ணன் அலோர் காஜாவிலிருந்து வந்தவர், எங்கள் ஆட்களைத் தெரியாது. கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கினார்.

“அப்பா எங்க மா? எல்லாரும் ரெண்டு பேராதான நின்னாங்க. கூப்பிடு, வெயிட் பண்றேன்.”

அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

“அந்தா, மைக்கப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறாரே,” என்றேன். “அவருதான்.”

நான்கடி தூரம்கூட இல்லை. நிச்சயம் காதில் விழுந்திருக்கும். கணேஸ்வரன் மைக்கை இன்னும் கொஞ்சம் வாய்க்குக் கிட்டே கொண்டுபோய், அடுத்து கோலாட்டம் என்று அறிவித்தார்.