ரோஸ் கலர் பஸ் ஸ்டாப்

ஆறாவது கேள்விக்கும் பிரிஜாவின் கைதான் முதலில் உயர்ந்தது.

கையை உயர்த்தக் கூடாது என்றுதான் வந்திருந்தாள். புறப்படும்போதே புருஷன் லிஜோ சொல்லித்தான் கூட்டி வந்தான். ஹாலில் யாரோடும் பேச்சு வேண்டாம், ஏதாவது கேட்டால் சிரித்துவிட்டு இரு. ஒழுங்காக இருந்தால் நாளைக்குப் புது வருஷமும் அதுவுமாக மணவாளக்குறிச்சிக்குக் கூட்டிப் போய் உன் அம்மாவைக் காட்டுகிறேன். நாளை மறுநாள் அவனுக்கு துபாய் விமானம். நாளையை விட்டால் அம்மாவின் முகத்தைப் பார்க்க இன்னொரு டிசம்பர் வர வேண்டும்.

பாழாய்ப்போன கை சொன்னால் கேட்டால்தானே.

வருஷத்தின் கடைசி நாள் சாயங்காலம் சபையின் வாலிபர் சங்கம் நடத்தும் வினாடி வினா அது. போன பன்னிரண்டு மாதத்துச் செய்தி, அரசியல், விளையாட்டு, சினிமா எல்லாம் கேட்பார்கள். கேட்பவர் ஜினி டீச்சர்.

நம் பெண்கள் கிரிக்கெட் உலகக் கோப்பையை எந்த ஊரில் வாங்கினார்கள்? நவி மும்பை என்றாள் பிரிஜா. புதுப் போப் பிறந்தது எந்த நாட்டில்? அமெரிக்கா. புதுத் துணை ஜனாதிபதிக்கு எந்த ஊர்? திருப்பூர். தேசிய விருது வாங்கிய தமிழ்ப் படத்தைக் கேட்டால், அதில் நடித்தவர்களையும் சேர்த்துச் சொன்னாள். வங்கிப் பரீட்சைக்கு மூன்று வருஷமாகப் படிக்கும் ஸ்மைலின் என்ற பெண் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டிருந்தாள்.

ஹாலில் ஒரே குசுகுசு. லிஜோ பெண்டாட்டியா இது? ஜனவரியில் கல்யாணமாகி வந்தவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக்கூட எட்டிப் பார்த்ததில்லை. தீராத தலைவலி என்று மாமியார் நேசம்மாள் சொல்வாள். எல்லாம் திமிர் என்று ஊர் சொல்லும். அந்த வாயை அடைக்கத்தான் லிஜோ இன்றைக்கு அவளைக் கூட்டி வந்திருந்தான்.

பின்னால் இருந்த ஒருவர் லிஜோவின் முதுகில் தட்டி, கெட்டிக்காரியாகப் பார்த்துத்தான் பிடித்திருக்கிறாய் என்றார். முறைக்க வந்தவன் முறைக்க முடியாமல் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். பிரிஜாவுக்கு உயிர் வந்தது. கோபமில்லை. அப்படியென்றால் நாளைக்கு அம்மா உண்டு.

எப்படியம்மா இவ்வளவும் தெரியும் என்று டீச்சர் மைக்கை நீட்டினார். டிவி பார்ப்பேன் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். நாலு பேரோடு சேர்ந்து சிரிப்பது எவ்வளவு நன்றாக இருக்கிறது!

கடைசியில் அவளும் ஸ்மைலினும் சமமான மதிப்பெண்ணோடு மேடையில் நின்றார்கள். ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. டீச்சருக்குப் புதுப்பெண் ஜெயிக்கட்டும் என்று ஆசை. கையிலிருந்த தாளை மடித்து வைத்துவிட்டு, சின்னப் பிள்ளைகளும் சொல்லக்கூடிய ஒன்றை அவளிடம் கேட்டார். நம்ம தெருமுக்கில் இந்த வருஷம் கட்டின பஸ் ஸ்டாப் என்ன கலர்?

ஹால் குலுங்கிச் சிரித்தது. அந்தக் கலரைச் சொல்லிச் சொல்லி ஊரே ஆறு மாதமாகச் சிரிக்கிறது.

பிரிஜா மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பஸ் ஸ்டாப்பா அது?

சத்தம் கேட்டிருக்கிறாள். கம்பி வெட்டும் சத்தம், ஜல்லி கொட்டும் சத்தம், காங்கிரீட் மிஷின் ஓடும் சத்தம். ஒருநாள் வெடி போட்டார்கள், யாரோ பேசினார்கள், கைதட்டினார்கள். எல்லாம் பின்மதிலுக்கு அந்தப் பக்கம். என்ன சத்தம் என்று மாமியாரிடம் கேட்டதற்கு, உனக்கெதுக்கு என்று பதில் வந்தது.

பின்கதவின் சாவி மாமியாரின் இடுப்பில். முன்கதவுக்கு மேலே கேமரா. கதவு அசைந்தால் துபாயில் அவன் போன் அடிக்கும். அடுத்த நிமிஷம் மாமியார் போன் அடிக்கும். இன்றைக்குக் காரில் வந்தபோதுகூட வாசலிலிருந்து சந்து வழியாக நேரே கோயில் ஹாலுக்குத்தான் வந்தார்கள்.

முன் வரிசையிலிருந்து லிஜோ வாயசைத்தான். சத்தமில்லாமல், உதட்டைக் குவித்து. வீடியோ காலில் குரல் அறுந்து போகும்போதெல்லாம் உதட்டைப் பார்த்தே என்ன திட்டுகிறான் என்று கண்டுபிடித்துப் பழகியவள் அவள். ரோஸ் என்கிறான்.

சொன்னால் போதும், கைதட்டுவார்கள். நாளைக்கு அம்மா. மறுநாள் அவன் விமானம் ஏறுவான், கதவைச் சாத்துவார்கள், டிவி ஓடும், அடுத்த வருஷத்துச் செய்தியெல்லாம் வரிசையாக வரும்.

அம்மா, பொறுத்துக்கோ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

தெரியாது என்றாள் மைக்கில்.

பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். டீச்சரும் சிரித்துவிட்டார். "உங்க வீட்டு மதிலில சாஞ்சுல்லா மக்கா நிக்குது?"

"கம்பி வெட்டுற சத்தம் கேட்டுது டீச்சர். பஸ் ஸ்டாப்புண்ணு இப்பத்தான் தெரியுது."

டீச்சரின் சிரிப்பு பாதியில் நின்றது. பெரியவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி லிஜோவைப் பார்த்தார்கள். முதுகில் தட்டியவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். நேசம்மாள் குனிந்து பைபிள் பையின் ஜிப்பை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

லிஜோ எழுந்து வந்தான். நேரமாச்சு, போவோம் என்று கையை நீட்டினான். ஸ்மைலின் நகர்ந்து இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டாள். ஜினி டீச்சர் மைக்கை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, பிரிஜாவின் கையைப் பிடித்து மேடையிலிருந்து இறக்கினார். எங்கே கூட்டிப் போகிறீர்கள் என்று லிஜோ கேட்டது அவர் காதில் விழுந்த மாதிரியே இல்லை.

பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? வாசல் வரைக்கும் பின்னாலேயே ஓடிவந்து ரோஸ், ரோஸ் என்று கத்தினார்கள்.

பிரிஜா நின்று திரும்பினாள்.

"சொல்லாதீங்க மக்கா. நான் போய்ப் பாத்துக்கிடுதேன்."