சுத்தமான கை

பெரிய டாக்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கை சுத்தமானால் நோய்த்தொற்று குறையும் என்பது அவருடைய ஆராய்ச்சி. அதற்காக வார்டு வாசலில் ஒரு சானிடைசர் பாட்டிலை மாட்டி, எத்தனை முறை அழுத்துகிறார்கள் என்று எண்ண ஒரு கருவியும் பொருத்தியிருந்தார். எண்ணிக்கை எகிறிக்கொண்டே போனது. நோயாளிகளின் புண்ணில் சீழ் பிடிப்பது மட்டும் குறைந்தபாடில்லை.

"யாரோ சும்மா அழுத்தி விளையாடறாங்க சிஸ்டர். இன்னிக்குக் கையும் களவுமாப் பிடிக்கறேன்."

"பிடிங்க டாக்டர்," என்றார் தலைமை நர்ஸ், கட்டுப் போடுவதிலிருந்து நிமிராமல்.

காலை முழுக்க டாக்டர் பாட்டில் பக்கத்திலேயே காவல் நின்றார். நடுநடுவே மேலிடத்திலிருந்து போன். அதைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, "முடிவு வந்துட்டே இருக்கு சார்" என்று சமாளித்தபடி குட்டி போட்ட பூனை மாதிரி உலாத்தினார். அவர் முறைப்பைப் பார்த்து ஒருவரும் அந்தப் பக்கம் வரவில்லை.

மதியம் கருவியைப் பார்த்தார். நேற்றைவிட அதிகம்.

"மெஷின்லதான் கோளாறு சிஸ்டர். ஒரு ஈ காக்கா வரல, எப்படி ஏறும்?"

நர்ஸ் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. டாக்டர் அதைத் தோளில் இடுக்கினார். "சொல்லுங்க சார்..." வலது கை தன்பாட்டுக்குப் போய்ப் பாட்டிலை அழுத்தியது. இரண்டு கையும் பரபரவென்று தேய்த்துக்கொண்டன.

நர்ஸ் அந்தக் கைகளையே பார்த்தார்.

"இந்த வார்டுலயே சுத்தமான கை உங்களோடதுதான் டாக்டர். நோயாளிங்களைத் தொடாத ஒரே கையும் அதுதான்."