ஞாயிற்றுக்கிழமை ரசிகன்

பாலசுப்ரமணியனின் நினைவுக் கூட்டத்தில் லிஃப்டுக்குள் போடுகிற மாதிரி சங்கீதம் ஓடிக்கொண்டிருந்தது.

கோபுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டாக்குரியா கிளப் ஹாலில் வெள்ளை உறை போட்ட நாற்காலிகள். மேஜைமேல் பாலுவின் படம், படத்துக்கு ரஜனிகந்தா என்கிற சம்பங்கி மாலை. பதின்மூன்று நாள் காரியமெல்லாம் நம் வழக்கப்படி முடிந்துவிட்டது. அக்கம்பக்கத்து வங்காளிகள்தான் ஸ்மரண சபை வைத்தே தீரவேண்டும் என்று நின்றார்கள். பாட்டு, பேச்சு, கடைசியில் சந்தேஷ் இனிப்பு டப்பா.

எல்லாம் சரி. ஆனால் இந்த ஸ்மூத் ஜாஸ் பியானோ?

போட்டவள் பாலுவின் மகள் அனுராதா. வழவழவென்று, உப்பில்லாத பொங்கல் மாதிரி ஒரு வாசிப்பு. பெரிய ஹோட்டல் வரவேற்பறையில் ரூம் சாவிக்குக் காத்திருப்பவர்களுக்காகச் செய்தது. கோபமில்லை, வியர்வையில்லை, மருந்துக்கு ஒரு தப்பு ஸ்வரம் கிடையாது. தப்புக்குப் பயப்படுகிறவன் என்ன ஜாஸ் வாசிப்பான்?

போயும் போயும் பாலுவுக்கா இது!

வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் என்று மற்றவர்கள் பேசிவிட்டுப் போகட்டும். கோபுவுக்குத் தெரிந்த பாலு வேறு. கோபுவின் மனைவி சகுந்தலா காலமான பிறகு, ஞாயிறு தவறாமல் காலை பத்து மணிக்கு பாலிகஞ்சில் அவர் வீட்டுக்கு மூன்று மாடி ஏறி வந்து, அசல் ஜாஸ் கேட்டவன். ஏழு வருஷம். சாக்ஸஃபோன் அலறும், டிரம்ஸ் இடிக்கும், கீழ்வீட்டு கோஷ் பாபு துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பார். பாலு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பான். நடுவில் கோபு அரைமணி நேரம் விளக்கம் சொன்னாலும் குறுக்கே ஒரு வார்த்தை பேசமாட்டான்.

அவன் தலையாட்டுவதே தனி தினுசு. ஊரே தாளம் போடும் இடத்தில் ஆட்டமாட்டான். கொஞ்சம் முன்னால், அல்லது கொஞ்சம் பின்னால், யாருக்கும் பிடிபடாத ஏதோ ஓர் இடத்தில்.

அதைத்தான் கோபு இன்று பேசப் போகிறார். சட்டைப்பையில் இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தார். தலைப்பு ‘இப்படி ஒரு காது’. கூடவே ஒரு பென் டிரைவில் பாலுவுக்குப் பிடித்த ஆறு பதிவுகள்.

பென் டிரைவை எடுத்துக்கொண்டு நேரே பாலுவின் மனைவியிடம் போனார்.

“பாகீரதி, இது அவனுக்குப் பண்ற மரியாதையா? நீங்களே சொல்லுங்கோ. முதல்ல அந்தப் பியானோவை நிறுத்தச் சொல்லுங்கோ, அவன் கேட்டதைப் போடுவோம்.”

பாகீரதி படத்தின் பக்கம் திரும்பி, முகத்தில் பாதியை மறைத்துச் சரிந்திருந்த மாலையை நகர்த்தி வைத்தாள்.

பாலுவின் காதுக்குப் பின்னால் ஏதோ இருந்தது. தோல் நிறத்தில், அவரைக்கொட்டை அளவில். கோபு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

காது மெஷின்.

ஏழு வருஷத்தில் ஒருநாள்கூட அதை அவர் அந்தக் காதில் பார்த்ததில்லை.

“அது இல்லேன்னா இடி விழுந்தாலும் கேக்காது அவருக்கு. ஞாயித்துக்கிழமை மட்டும் கழட்டி வச்சுட்டுக் கிளம்புவார். அப்புறம் எதுக்குப் போறேள்னு கேட்டா, ‘கோபு தனியா உக்காந்துண்டிருப்பான்டி’ம்பார். திரும்பி வந்து அதை மாட்டிண்டதும் இந்தப் பியானோவைத்தான் போடச் சொல்வார்” என்றாள் பாகீரதி.

மைக்கில் கோபுவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

அவர் கையசைத்து வேண்டாம் என்றார். முன்வரிசையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டைப்பையில் அந்த இரண்டு பக்கமும் மொடமொடவென்று உறுத்தின.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, படவா. கோபுவுக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

பியானோ நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. இப்போதும் அது அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அனுராதா ஸ்பீக்கரை நோக்கிக் கையை நீட்டியபோது, இருக்கட்டும் என்று சைகை காட்டினார்.

கண்ணை மூடிக்கொண்டார். தலையை மெல்ல ஆட்ட ஆரம்பித்தார். தாளத்தைக் கவனிக்கவில்லை.